சிதறால் மலைக்கோவில்: பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக ஒரு நாள்

வேலை மாற்றலாகிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தவர்கள், வீடு பிடித்துப் பள்ளிக்கூடம் சேர்த்து மூச்சு விட்டதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஞாயித்துக்கெழம குடும்பத்தோட எங்க போலாம்?" பக்கத்து வீட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் கன்னியாகுமரி கடற்கரை, விவேகானந்தர் பாறை, திற்பரப்பு அருவி. எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் வயதான அம்மாவையும் ஏழு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படகு வரிசையில் நின்றால், பாதி நாள் நிற்பதிலேயே போய்விடும்.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்குச் சிதறால் என்றுதான் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ரப்பர் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே ஒரு மலை. அதன் உச்சியில் குடை கவிழ்த்தது போல முன்னால் நீண்டிருக்கும் ஒரு பெரிய பாறை. பாறைக்கு அடியில் குகைக்கோவில், பாறையின் முதுகில் சின்னதாக ஒரு செங்கல் கோபுரம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னால் சமணத் துறவிகள் வாழ்ந்த இடம். அன்றைய பெயர் திருச்சாரணத்துமலை. இன்று ஊரில் எல்லோருக்கும் மலைக்கோவில்.

நாங்கள் முதல் தடவை போனது தப்பான மாதத்தில், தப்பான நேரத்தில். ஏப்ரல் மாதம், ஏறத் தொடங்கும்போது மணி பதினொன்றரை. ஐந்து பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டு. பாதி வழியில் அம்மா ஒரு மர நிழலில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க மக்களே, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை அங்கே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மேலே போய்ப் பார்த்ததில் மனசு ஒட்டவே இல்லை. அடுத்த ஜனவரியில் அதே அம்மா, அதே முழங்கால் வலியோடு உச்சி வரை வந்து, அரைமணி நேரம் பாறை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பயணத்துக்கும் நடுவே மாறியது ஏற்பாடு மட்டும்தான். அந்த ஏற்பாட்டைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, "ஜூலையில மழை இருக்காதே" என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். மழை பெய்த பாறையில் பாசி பிடித்திருக்கும். கால் வைத்தால் வழுக்கும். அதனால் மழை விட்ட மறுநாள்கூட மலைக்குக் கிளம்ப வேண்டாம், இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்கள்தான் சரியான காலம். அப்போது போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். மலைச்சரிவே மொட்டையாக நிற்கும். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் இலையின் காம்பில் தேன் சுரக்கும். பூவில் கிடைக்கும் தேன் வேறு, இது இலையிலிருந்து கிடைப்பது. அந்தப் பருவத்தில் தோட்டங்களுக்குள் வரிசையாகத் தேன்பெட்டிகள் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மார்த்தாண்டம் தேன் என்று நாம் கடையில் வாங்குவதில் பெரும்பங்கு இந்த ரப்பர்த் தேன்தான். பெட்டியைத் தட்டவோ பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கவோ விடாதீர்கள்.

மாலையில் பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அரண்மனைக்கு விடுமுறை.

கிளம்புவதும் போய்ச் சேருவதும்

நாகர்கோவிலிலிருந்து என்றால் வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ் நிமிடத்துக்கு நிமிடம் கிடைக்கும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறையில் இறங்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் பாதையில் இருக்கிறது இந்த நிலையம். மார்த்தாண்டத்தில் இறங்கியதும் சிதறால் போகும் டவுன் பஸ்ஸை விசாரியுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாமல் நிறுத்தத்தில் காத்துக்கிடப்பது பெரியவர்களுக்குச் சிரமம். வீட்டில் வயதானவர் இருந்தால் மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொள்வது நல்லது. போக, வர, நடுவே காத்திருக்க என்று மூன்றையும் சேர்த்தே கூலி பேசிவிடுங்கள். மலையடிவாரத்தில் திரும்பி வர ஆட்டோ தேடும் நிலைமை வேண்டாம்.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மார்த்தாண்டம் சந்திப்பில் மேம்பாலம் வந்தபிறகும் கீழே நெரிசல் குறையவில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் அந்த ஊரைத் தாண்டிவிட்டால் நிம்மதி. அதற்கப்புறம் வரும் சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். எதிரே ரப்பர் பால் வாளியோடு சைக்கிளில் வருகிறவர்கள் உண்டு. மெதுவாகப் போங்கள்.

எட்டரை மணிக்குள் மலையடிவாரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கிவிடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மேலே எதுவும் விலைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒரு பழைய பருத்தித் துண்டு, வியர்வை துடைக்கவும் ஆகும், உட்காரும்போது விரித்துக்கொள்ளவும் ஆகும். பிள்ளைகளுக்குத் தொப்பி, பெரியவர்களுக்குக் குடை. குடையை மடக்கினால் ஊன்றுகோலாகவும் உதவும், அதனால் நீளக் குடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வேளைக்குச் சாப்பிடும் மாத்திரை. செருப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பும் குதிகால் உயர்ந்ததும் கூடாது. பின்பக்கம் வார் வைத்த செருப்புப் போதும். கோவிலுக்குள் கழற்ற வேண்டியிருப்பதால் லேஸ் கட்டிய ஷூ தொல்லை.

தின்பதற்கு நான் எடுத்துப்போவது மட்டிப்பழம். விரல் நீளத்துக்கு, லேசாக வளைந்து, பழுத்தால் வீடு முழுக்க மணக்கும் வாழைப்பழம். இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கு முதல் முதலில் ஊட்டும் பழம் அதுதான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் செவ்வாழையையும் ஏத்தம்பழத்தையும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், நாள் முழுக்கப் போதும். தோலைப் பையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். குழம்பு, சாதம் எல்லாம் மேலே வேண்டாம். சாப்பாட்டைக் கீழே இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏறும் விதம்

அடிவாரத்தில் கழிவறைத் தேவையை முடித்துக்கொண்டு ஏறத் தொடங்குங்கள். பாதை முழுக்கக் கல் பாவியது. செங்குத்தாகப் போகாமல் சரிவாகத்தான் ஏறும். இளவயதுக்காரர் இருபது நிமிடத்தில் போய்விடலாம். எங்கள் வீட்டில் நாற்பது நிமிடம் ஆகும், ஆகட்டும்.

இரண்டாம் தடவை போனபோது, வழியில் புல் அரிந்துகொண்டிருந்த ஒரு ஆச்சி, என் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு அரிவாளை நிறுத்தினார். "பைய ஏறணும். மூச்சு வாங்கின பெறவு நிக்கப்படாது, வாங்கு முந்தி நிக்கணும்" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே கடைப்பிடித்தோம். மூச்சு வாங்குவதற்கு முன்பே, ஐம்பது அறுபது தப்படிக்கு ஒருமுறை, நின்றுவிடுவது. நிற்கும்போது உட்காரக்கூடத் தேவையில்லை. குடையை ஊன்றித் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஊர் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். முதலில் வீட்டுக் கூரைகள், அப்புறம் தென்னந்தலைகள், அப்புறம் ஆறு. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்னால் விடுங்கள். வீட்டில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறோம். பிள்ளைகள் ஓடிப்போய் மேலே நின்று கூப்பிடுவார்கள், பெரியவர் அவசரப்பட்டு ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாட்டி முன்னால் நடந்தால் எல்லோர் வேகமும் தானாக அடங்கிவிடும். பையனுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க அவனிடம் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து, "பாட்டி நிக்கும்போதெல்லாம் ஒரு வாய் கொடு" என்று ஒரு வேலை சொல்லிவிடுங்கள். பொறுப்பு வந்துவிட்டால் பிள்ளைகள் ஓட மாட்டார்கள்.

இருதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். அவர்களோடு போகும் நாளில் மலையை விட்டுவிட்டு, பின்னால் சொல்லப்போகும் இடங்களை மட்டும் பாருங்கள்.

பாறைக்கு அடியில்

உச்சிக்குப் பக்கத்தில் பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கும். ஆள் ஒதுங்கிப் போகிற அகலம். அந்த இடைவெளியில் நுழையும்போது காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். தாண்டினால் கோவில் முன்னால் நிற்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் உட்காருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவசரம் வேண்டாம். துறவிகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கே தெரிந்துவிடும். தலைக்கு மேலே பாறைக் குடை, பக்கத்திலேயே தண்ணீர், சுற்றிலும் காற்று. வீடு கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் பாறைச் சுவருக்கு வாருங்கள். இயற்கைப் பாறையின் முகத்தையே செதுக்கி வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், சமணர்கள் வணங்கும் பெரியோர்கள். உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை. பிள்ளைகளிடம் விரிவுரை நடத்த வேண்டாம், மூன்று கேள்வி கேளுங்கள். பாம்பு படம் விரித்துக் குடை பிடிக்கிறவர் யார்? அவர் பார்சுவநாதர், 23-ஆம் தீர்த்தங்கரர். பக்கத்தில் சிங்கமும் இரண்டு பிள்ளைகளும் வைத்திருக்கும் பெண் யார்? அவள் அம்பிகை, நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம். உருவங்களுக்குக் கீழே கோழி கீறியது போலத் தெரிவது என்ன? அது வட்டெழுத்து.

அந்த எழுத்தின் முன்னால் நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன். இப்போது நாம் எழுதும் தமிழுக்கு நேர்த் தாயில்லை, இன்னொரு கிளை. தெற்கே பாண்டிநாட்டிலும் சேரநாட்டிலும் நூற்றாண்டுகள் புழங்கிய எழுத்து. மூக்கு முட்ட நேருக்கு நேர் பார்த்தால் கீறல்கள் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கமாக நகர்ந்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பார்த்தால் குழிவுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். விரலால் தடவாதீர்கள், மாவோ சுண்ணாம்போ பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆயிரம் வருடம் தாக்குப்பிடித்தது நம் கைப்பட்டுத் தேயக் கூடாது.

இங்குள்ள சிற்பங்களில் ஒன்றைச் செய்வித்தவராக அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வருகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஆனைமலையிலும் இதே பெயர் உண்டு. மதுரைக்கும் சிதறாலுக்கும் நடுவே ரோடும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் ஒரு மனிதரின் பெயர் இரண்டு இடத்துப் பாறையிலும் இருக்கிறது என்பதை என் பையனிடம் சொன்னபோது, "நடந்தேவா வந்தாங்க?" என்று கேட்டான். நடந்தேதான்.

என் மகளுக்குப் பிடித்தது வேறொரு கல்வெட்டு. இந்தப் பகுதியை அன்று ஆண்ட ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி, திருச்சாரணத்துமலைப் பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததைப் பதிந்திருக்கிறார்கள். அவருடைய ஆசான் அரட்டநேமி பட்டாரர். குரவர் என்றால் ஆசான், குரத்தி என்றால் ஆசிரியை. சமணத்தில் பெண்கள் துறவு பூண்டு, மாணாக்கராகி, ஆசிரியையாகி, தங்கள் பெயரில் கொடையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் நம் மாவட்டத்து மலை ஒன்றின் மேல் இருக்கிறது. பெண் குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் இதைச் சொல்லாமல் இறங்காதீர்கள்.

13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோவிலாக மாறியது. இன்று கருவறையில் பகவதியைக் கும்பிடுகிறவர்கள் பக்கத்துச் சுவரில் மகாவீரரையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். இடத்தைப் பாதுகாப்பது இந்தியத் தொல்லியல் துறை.

கோபுரமும் குளமும்

கோவிலுக்கு மேலே பாறை முதுகில் இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சின்னக் கோபுரம். இடி விழுந்து சிதைந்தது. அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது யானை முதுகில் அம்பாரி வைத்தது போல இருக்கும். பக்கத்தில் போகப் போக அது எவ்வளவு சிறியது என்பது தெரியும். இத்தனை பெரிய பாறைக்கு இவ்வளவு சின்னக் கோபுரம் போதும் என்று கட்டினவர்கள் நினைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள காட்டையும் வயலையும் பார்த்தால் அவர்கள் நினைத்தது சரி என்றே எனக்குத் தோன்றும்.

மேல் பாறைக்குப் போகும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை இதுதான்: பாறை விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே நில்லுங்கள். கைப்பிடிச் சுவர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் கை. பிடிக்கக் கை பற்றாவிட்டால் இரண்டு தடவையாகப் போங்கள். செல்பி எடுக்கும்போது பின்னால் நகரும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒருவர் படம் எடுக்க, மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கட்டும். காற்று பலமாக அடித்தால் குடையை மடக்கிவிடுங்கள்.

அங்கிருந்து பார்த்தால் பச்சை ஒன்றில் எத்தனை பச்சை என்று எண்ணலாம். ரப்பரின் இருண்ட பச்சை, தென்னையின் மஞ்சள் கலந்த பச்சை, வாழைத்தோட்டத்தின் இளம்பச்சை. நடுவே தாமிரபரணி மின்னும். இது திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல, குழித்துறை வழியாக ஓடித் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேரும் நம் மாவட்டத்துத் தாமிரபரணி. கிழக்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை.

பாறையில் இருக்கும் குளம் அழகாகத்தான் இருக்கும், இறங்க விடாதீர்கள். ஓரம் பாசி, ஆழம் கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்து தவளை குதிப்பதை எண்ணச் சொல்லுங்கள், போதும்.

பத்தரைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். பெரியவர்கள் பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பிக் கால் வைத்து இறங்கினால் வலி குறையும். ஒரு கையில் குடை, மறு கையில் பேரன் தோள்.

சாப்பாடும் அதற்கப்புறமும்

கீழே வந்ததும் ஒரு சாயா. பழம்பொரி போடுகிற கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு மார்த்தாண்டத்திலோ திருவட்டாற்றிலோ உட்காரலாம். வேகவைத்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் கிடைத்தால் இந்தப் பக்கத்துச் சாப்பாட்டின் ருசி தெரிந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அவியல் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று ஆட்டோக்காரரிடமே கேளுங்கள்.

சாப்பிட்ட பிறகு எங்கே போவது? நிறையப் பேர் தவறுவது இங்கேதான். பக்கத்தில் இருக்கிறதே என்று திற்பரப்பு, மாத்தூர், திருவட்டாறு, அரண்மனை, உதயகிரிக் கோட்டை எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் அடைப்பார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்பதைக் கூட வந்திருப்பவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

துறுதுறுவென்று பிள்ளைகள் இருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலம். திருவட்டாறு வழியாகப் போக வேண்டும். ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பறளியாற்றின் மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். 28 தூண்கள், உயரம் 100 அடிக்கு மேல். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது எடுத்த முயற்சியில், 1960-களில் கட்டப்பட்டது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது இந்தத் தொட்டி. பக்கத்தில் இருக்கும் நடைபாதையில் நடந்து போகலாம். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் மேலே வர வேண்டாம், படி வழியாகக் கீழே ஆற்றங்கரைப் பூங்காவுக்கு இறங்கித் தூண்களை அண்ணாந்து பாருங்கள். எனக்கு அந்தக் கீழ்ப் பார்வைதான் பிடிக்கும். ஜூன் முதல் பிப்ரவரி வரை பாசனத்துக்கு அணை திறந்திருக்கும் காலத்தில் போனால் தொட்டியில் தண்ணீர் ஓடுவதையும் பார்க்கலாம்.

பெரியவர்கள் அதிகம் இருந்தால், கதை கேட்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால், பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலையிலிருந்து 2 கிலோமீட்டர், வேளிமலை அடிவாரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இங்கேதான் இருந்தது. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. காலை 9 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 4.30 வரை. இரண்டு மணிக்கே டிக்கெட் வாங்கிவிடுங்கள், நடுவில் அவசரப்படுத்த மாட்டார்கள். மரப்படிகள் செங்குத்து, நிலைப்படிகள் தாழ்வு. உயரமானவர்கள் தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். தரை கண்ணாடிபோல் கறுத்து மினுங்கும். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை அது. வெறுங்காலோடு நடக்கும்போது அந்தக் குளிர்ச்சி காலையில் மலை ஏறிய பாதத்துக்கு மருந்து போட்டது போல இருக்கும்.

அரண்மனையில் தவறவிடக் கூடாதது மணிமாளிகை. மூலையில் எழும்பி நிற்கும் கோபுரத்தில் சுமார் 300 வருடப் பழைய கடிகாரம். கயிற்றில் தொங்கும் எடைகளின் இழுப்பில் ஓடுவது. பேட்டரியும் கரண்டும் இல்லாமல் எப்படி ஓடும் என்று பிள்ளைகளை யோசிக்கவிட்டு, எடை இறங்க இறங்கச் சக்கரம் சுற்றும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு முற்றத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

உதயகிரிக் கோட்டையும் பக்கத்தில்தான், புலியூர்க்குறிச்சியில் பெரிய சாலையை ஒட்டியே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருடைய படைத்தலைவராகவே ஆன, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கோட்டைக்குள்ளேயே ஒரு குன்று உண்டு. ஆனால் ஒரே நாளில் இரண்டு ஏற்றம் வேண்டாம், அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் ஐந்து மணிக்குப் பஸ் ஏறினால் இருட்டும் முன்னால் நாகர்கோவில். போன ஜனவரியில் அந்த பஸ்ஸில் என் பையன் பாட்டி மடியில் தூங்கிவிட்டான். அம்மா ஜன்னல் வழியாக வேளிமலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வில்லுக்குறி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அந்தக் குரத்தி பேரு என்ன சொன்ன?" என்று கேட்டார்கள். சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.